பழைய எஞ்சினுக்கு மறுவாழ்வு

ஓர் எஞ்சின் கிழடாகிவிட்டது என்று சொல்கிறோம். எதைக் கண்டு அப்படிச் சொல்கிறோம்? அதன் இரும்பு மட்கிவிடவில்லை. அதன் எஃகு உருகிவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் உழைத்த எஞ்சினை இன்று தராசில் ஏற்றினாலும், புதிதாயிருந்த நாளில் இருந்த எடைதான் ஏறக்குறைய இருக்கும். அத்தனை ஆண்டுகளில் தேய்ந்துபோன உலோகத் துகளையெல்லாம் ஒன்று திரட்டினாலும் ஒரு கைப்பிடி தேறாது. ஆயினும் அந்த எஞ்சின் குளிர்ந்த காலையில் கிளம்ப மறுக்கிறது, புகை கக்குகிறது, மேட்டில் ஏறத் திணறுகிறது.

ஒரு கைப்பிடி உலோகம் போனதற்கா இத்தனை தளர்ச்சி என்று நீங்கள் வியக்கலாம். எஞ்சினின் உயிர் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. ஓர் உலோகத்துக்கும் மற்றோர் உலோகத்துக்கும் நடுவே அளந்து விடப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு இடைவெளிகளில்தான் அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. அந்த இடைவெளிகள் விரிந்தால் எஞ்சின் மூப்படைகிறது. அவற்றை மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவந்தால் அது இளமை பெறுகிறது. பழைய எஞ்சினைப் புதுப்பிப்பது என்பதன் பொருள் இவ்வளவே. ஆனால் இந்த ‘இவ்வளவே’ எத்தனை பொறுமையையும், எத்தனை நுட்பமான அளவையையும் வேண்டி நிற்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன்.

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தின் மூலையில் ஒரு கொட்டகை அமைத்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் பழைய வண்டிகளைப் பிரித்துச் செப்பனிடுவோர் பலர் உண்டு. அவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் வண்டிகளுள் ஒன்று லேண்ட் ரோவர். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும்படி அமைந்த வண்டி அது. 1947-ஆம் ஆண்டில், ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சீத் தீவின் கடற்கரை மணலில் அதன் உருவத்தைக் கீறித் தம் சகோதரர் ஸ்பென்சருக்குக் காட்டினார் என்று சொல்வார்கள். போரில் பயன்பட்ட ஜீப் ஒன்றை அவர் தம் பண்ணையில் ஓட்டி வந்தார். முதல் மாதிரி வண்டியும் ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. எஃகு அரிதாயிருந்த காலமாகையால் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆயிற்று. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இவ்வண்டி உலகுக்கு அறிமுகமாயிற்று. 1957-இல் அதற்கு டீசல் எஞ்சின் கிடைத்தது. 1961-இல் 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெரிய டீசல் எஞ்சின் வந்தது. நாம் இன்று பிரித்துப் பார்க்கப்போவது இந்த எஞ்சினைத்தான்.

முதலில் இதன் வேலையைத் தெரிந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர், 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றி பெற்ற தம் எஞ்சினில், காற்றை மிகுதியாக அழுத்தினால் அது தானே சூடேறும் என்ற உண்மையைப் பயன்படுத்தினார். சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது அதன் அடிப்பாகம் சுடுவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள்.

நம் லேண்ட் ரோவர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 600 கன சென்டிமீட்டர் காற்று அடைபடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது அது 23-இல் ஒரு பங்காக, அதாவது 26 கன சென்டிமீட்டராக, நெருக்கப்படுகிறது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை ஒன்றில் ஏறக்குறைய அடங்கிவிடும் அளவு இது. இப்படி நெருங்கிய காற்று 500 பாகை செல்சியசை ஒட்டிச் சூடேறுகிறது. அதில் டீசலைப் பனித்துளிபோல் பீச்சினால், பற்றவைப்பார் இன்றியே பற்றிக்கொள்கிறது.

இப்போது இடைவெளியின் அருமை விளங்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் நடுவே காற்று கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் எரிபொருள் பற்றாது. கொஞ்சம் தேய்ந்த பெட்ரோல் எஞ்சின் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு ஓடும். டீசல் எஞ்சினுக்கோ காற்றை இறுகப் பிடித்து வைப்பதே பற்றவைக்கும் வழியாகையால், கசிவை அதனால் பொறுத்துக்கொள்ள முடியாது.

கொட்டகைக்கு வண்டி வந்தவுடன் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடலாமா? கூடாது. நல்ல மருத்துவர் நாடி பார்த்த பிறகே மருந்துப் பெட்டியைத் திறப்பார். எஞ்சினுக்கு நாடி அதன் புகை. நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்குகளோ வால்வுகளின் வழிகாட்டிக் குழாய்களோ தேய்ந்திருக்கலாம். கரும்புகை வந்தால் டீசல் மிகுதியாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. கண் எரியும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது.

அடுத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியால் அளக்க வேண்டும். அந்த எண்களைத் தனித்தனியே பார்ப்பதைவிட ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும். நான்கும் சமமாகக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தனிக் குறை. அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்திருந்தால் அவற்றின் நடுவே காஸ்கெட் விட்டுப்போயிருக்கக் கூடும். எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே உள்ளே நடப்பதை இப்படி ஊகித்து எழுதி வைத்துக்கொண்டால், திறந்த பின் அந்த ஊகம் சரிதானா என்று சோதிக்கலாம். விஞ்ஞானிகள் செய்வதும் இதுதானன்றோ?

பிறகு எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். கையால் தூக்கக்கூடிய சுமையன்று அது. கொட்டகையின் சாதாரண விட்டத்தில் கயிற்றைக் கட்டித் தூக்குவது உயிரோடு விளையாடுவதாகும். தகுந்த பளுதூக்கியும் சங்கிலியும் வேண்டும். தொங்குகின்ற எஞ்சினின் அடியில் கையோ காலோ போகவே கூடாது. கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி, கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும். கிராங்க் ஷாப்டைத் தாங்கும் மூடிகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாகாது. தொழிற்சாலையில் அந்த மூடிகளை அந்தந்த இடத்தில் பூட்டிய பிறகே துளையைக் கடைந்திருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடமே பொருந்தும்.

இனி அளக்கும் கட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு இங்கே அளவுகோல். அதை ஆங்கிலேயத் தொழிலாளர் ‘தௌ’ என்பர். ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். நம் தலைமயிரின் தடிப்பு இரண்டு மூன்று தௌ இருக்கும். இத்தகைய அளவைக் கண்ணால் காண முடியாது. மைக்ரோமீட்டரும் துளைமானியும் வேண்டும்.

இந்த எஞ்சினின் சிலிண்டர் புதிதில் 90.47 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறையும் அளக்க வேண்டும். ஏன் ஒரே அளவு போதாது? சிலிண்டர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்புகிறது. நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது அது 4,000 முறை நின்று திரும்புகிறது. ஓடும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் பரவி நிற்கிறது. நிற்கும் கணத்தில் அந்தப் படலம் அறுகிறது. மேல் முனையிலோ வெப்பமும் அழுத்தமும் மிக உச்சத்தில் இருக்கின்றன. ஆகவே மேல்முனையை ஒட்டிய இடமே அதிகமாகத் தேய்கிறது. ரிங்கு எட்டாத உச்சிப் பகுதி தேயாமல் ஒரு விளிம்பாக நின்றுவிடுகிறது. அந்த விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டாலே தேய்மானம் கடுமையானது என்று அறியலாம்.

தேய்வு எவ்வளவு என்று கண்டால் போதுமா? எதனால் என்றும் காண வேண்டும். இவ்வகை வண்டிகள் உழவு நிலத்திலும் புழுதிச் சாலையிலும் உழைப்பவை. காற்று உள்ளே செல்லும் வழியில் எண்ணெய்த் தொட்டி வைத்த வடிகட்டி ஒன்று இருக்கிறது. அந்தத் தொட்டியில் எண்ணெய் வற்றியிருந்தாலோ, அதனின்றும் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலோ, புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். சாணைக்கல்லைப் போல் சுவரை அராவும். அந்தக் குழாயைக் கவனியாமல் சிலிண்டரை மட்டும் புதுப்பித்தால், செலவழித்த பணமும் உழைப்பும் விரைவில் வீணாகும். நோயின் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளிய கதைதான்.

அளவுகள் கையேட்டில் கண்ட எல்லையைத் தாண்டினால் சிலிண்டர்களைப் பெரிதாகக் கடைய வேண்டும். அதற்கேற்பச் சற்றே பெரிய பிஸ்டன்கள் படிப்படியான அளவுகளில் கிடைக்கின்றன. கிராங்க் ஷாப்டோ இதற்கு நேர் மாறானது. அதைச் சாணை பிடித்துச் சிறிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங்குகளைப் பொருத்துவார்கள். ஒன்றில் துளை பெருக்கிறது. மற்றொன்றில் தண்டு சிறுக்கிறது. இரண்டிலும் இடைவெளி மட்டும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இவ்விரு வேலைகளையும் வீட்டுக் கொட்டகையில் செய்ய முடியாது. பெரிய இயந்திரங்களுள்ள பட்டறைக்கு அனுப்பியே ஆகவேண்டும். தன்னால் இயலாதது எது என்று அறிந்திருப்பதும் ஒரு தேர்ச்சியே. டீசலைப் பீச்சும் பம்பும் அத்தகையதே. அதன் உள்ளுறுப்புகள் அத்தனை நெருக்கமாகப் பொருந்தியவை. அதைத் தனிப் பயிற்சி பெற்றவர் சோதனை மேடையில் வைத்தே திறப்பார்.

கடைந்து வந்த சிலிண்டர்ச் சுவர் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அது தவறு. குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கீறல்கள் அதில் வேண்டும். அந்தக் கீறல்களே எண்ணெயைத் தாங்கி நிற்பவை. ஆனால் கீறல் போட்ட கல்லின் துகளும் அங்கே ஒட்டியிருக்கும். அதை மண்ணெண்ணெய் முழுதும் அகற்றாது. வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் கறை படாத வரையில் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். கழுவிய கையோடு எண்ணெய் பூசாவிட்டால் சிறிது நேரத்தில் துரு ஏறும். எண்ணெய் ஓடும் துவாரங்களின் அடைப்பான்களைக் கழற்றி அவற்றையும் தூரிகையிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் ஒரு தலைமயிரின் தடிப்பைவிட மெல்லியது. அங்கே ஒரு மணல் துகள் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூட்டும் வேலை கழற்றும் வேலையைவிட மெதுவாக நடக்க வேண்டும். ஒவ்வொரு பேரிங்கையும் எண்ணெயிட்டுப் பூட்டியவுடன் கிராங்க் ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் அடுத்ததற்குப் போகலாம்; இறுகினால் குறை இப்போது பூட்டியதில் இருக்கிறது என்று உடனே தெரியும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்ப்பவன், குறையை எங்கே தேடுவான்? ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலும் கையேடு சொல்லும் இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் ரிங்கு நீளும். இடமில்லாவிட்டால் முனைகள் முட்டி முறியும். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, பல சுற்றில் முறுக்க வேண்டும். அப்போதுதான் காஸ்கெட் ஒரே சீராகப் படியும்.

வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. அது உங்களுக்கு இன்பம் தரும். எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து வரிசையாக 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது. ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. கூட்டுத்தொகை எப்போதும் 9. இதன் காரணம் என்ன? முதல் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. ஆனால் அவற்றின் வேலை ஒரு முழுச் சுற்று விலகி நடக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ஆகவே ஒன்றின் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது அதன் இணையின் வால்வு முழுதும் ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வு நேரத்தில் 10 தௌ தடிப்புள்ள தகட்டை இடையில் நுழைத்துத் திருகைச் சரிசெய்கிறார்கள்.

எஞ்சினைக் கிளப்புமுன் இன்னும் சில கடமைகள் உண்டு. டீசல் குழாயில் காற்று தங்கினால் டீசல் பாயாது. ஆகவே திருகைத் தளர்த்திக் காற்றுக் குமிழி நிற்கும் வரையில் டீசலை வெளியேற்ற வேண்டும். பீச்சுகுழலின் வாயருகே விரலை நீட்டிப் பார்ப்பது பேராபத்து. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வலி குறைவாயிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. பிறகு, டீசலை நிறுத்திவைத்துவிட்டு எஞ்சினைச் சுழலவிட்டு, எண்ணெய் எங்கும் ஏறிவிட்டதைக் காட்டும் விளக்கையோ மானியையோ பார்க்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினின் காற்றறையைச் சூடாக்க, சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மின்சூடேற்றிகள் இருக்கின்றன. இவ்வெஞ்சினில் அவற்றைத் தொடரிணைப்பில் கோத்திருந்தார்கள். பௌதிக வகுப்பில் நீங்கள் படித்ததை நினைவுகூருங்கள்: தொடரிணைப்பில் ஒன்று அறுந்தால் மற்றவற்றிலும் மின்சாரம் ஓடாது. எஞ்சின் கிளம்பாததற்கு இந்த ஓர் இழை அறுந்ததே காரணமாக இருக்கவும் கூடும்! எஞ்சினையே பிரிக்கத் துணிவதற்கு முன் இதைச் சோதித்தாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மசகெண்ணெய் மிகுதியாகிச் சிலிண்டருக்குள் புகுந்தால் டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. காற்று புகும் வாயை உறுதியான பலகையால் அடைப்பதே வழி. முதன்முறை கிளப்பும்போது அப்பலகையைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருப்பது அறிவுடைமை.

இத்தனை பாடுபட்டு ஒரு பழைய எஞ்சினை ஓடச் செய்வது தகுமா? இக்கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சின் புதிதாயிருந்தபோதே 62 குதிரைச் சக்திதான் தந்தது. புதுப்பித்தபின் புகை மிகவும் குறையும் என்பது உண்மை. ஆனால் இன்றைய எஞ்சின்களின் தூய்மைக்கு அது ஒருநாளும் எட்டாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. ஆகவே நாள்தோறும் நகர வீதிகளில் இத்தகைய வண்டியை ஓட்டுவது பிறர் மூச்சில் நாம் தலையிடுவதாகும். மூடிய கொட்டகைக்குள் அதை ஓடவிடுவது நமக்கே நாம் தேடிக்கொள்ளும் கேடு. எப்போதாவது ஓட்டி, ஒழுங்காகப் பராமரித்து, புகை கண்டவுடன் காரணம் தேடுபவருக்கே இந்த முயற்சி பொருந்தும்.

ஆனால் இதனால் பெறும் கல்வி வேறு. லேண்ட் ரோவரின் பழைய வடிவம் சாலிஹல் தொழிற்சாலையில் 2016 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதற்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அவ்வம்சத்தில் பிறந்திருந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. காரணம், பிரிக்கவும் அளக்கவும் மீண்டும் பூட்டவும் இயலும்படி அவை அமைந்திருந்தன. அப்படிச் செய்யப் பொறுமையுள்ள மனிதரும் இருந்தனர். நம் கிணற்றடிகளில் நீர் இறைத்து வந்திருக்கும் டீசல் எஞ்சினும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அதன் காற்று வடிகட்டியும், அதன் எண்ணெயும், அதன் புகையின் நிறமும் இதே மொழியில்தான் பேசுகின்றன.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஓர் எஞ்சின் ஓடக் கேட்டால் சற்று நின்று அதன் புகையைக் கவனியுங்கள். அது நீலமா, கறுப்பா, வெண்மையா என்று பாருங்கள். உள்ளே எந்த இடைவெளி விரிந்திருக்கக் கூடும் என்று ஊகியுங்கள். முடிந்தால் அதைப் பழுதுபார்ப்பவரிடம் உங்கள் ஊகத்தைச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகள், உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத சில பக்கங்களை உங்களுக்குத் திறந்து காட்டும்.